சார்ட்டர் கம்பெனியில் பைலட் வேலை: மகனை அனுப்பலாமா?

கேட்டவர் நீடாமங்கலம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் ஒரு தகப்பனார். மகன் சி.பி.எல். என்ற வர்த்தக விமானி லைசென்ஸ் முடித்து ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிறான். கொஞ்சம் நிலத்தை விற்று, மீதிக்குக் கல்விக் கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கிறார். பெரிய ஏர்லைன்ஸ் எதிலும் இடம் கிடைக்கவில்லை. இப்போது ஹைதராபாத்தில் ஒரு சார்ட்டர் கம்பெனி, கிங் ஏர் என்ற சின்ன இரட்டை இன்ஜின் விமானத்தில் துணை விமானியாக எடுத்துக்கொள்கிறோம் என்று கூப்பிட்டிருக்கிறது. "இது வாடகைக் கார் ஓட்டுகிற மாதிரிதானே, இதற்கா இத்தனை லட்சம்?" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்களாம். பையன் பத்தாவது வரை தமிழ் மீடியம், அந்தக் கவலை வேறு. போகலாமா, வேலை எப்படி இருக்கும், எப்படி உள்ளே நுழைவது என்று கேட்டிருக்கிறார்.

அண்ணே, நான் வலங்கைமான் பக்கத்துக்காரன். பல வருடமாக சார்ட்டர் விமானங்களில்தான் கேப்டனாகப் பறக்கிறேன். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் விமானம் எவ்வளவு புதுசு, சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றை விசாரியுங்கள். அந்தக் கம்பெனியில் ஒரு பைலட் "இன்றைக்குப் போக முடியாது" என்று சொன்னால் அதற்கப்புறம் என்ன நடக்கிறது? இதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் தம்பியை அங்கே அனுப்பலாமா கூடாதா என்று முடிவெடுக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

முதலில் சட்டப்படி இது என்ன வேலை என்று பார்ப்போம். நேர அட்டவணை போட்டு டிக்கெட் விற்று ஓடுவது ஷெட்யூல்டு ஏர்லைன்ஸ். யாராவது முழு விமானத்தையும் வாடகைக்கு எடுத்தால் பறப்பது நான்-ஷெட்யூல்டு, சார்ட்டர் என்பது இதுதான். இதற்கு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. தனி அனுமதி கொடுக்கிறது, அந்த அனுமதியைத் தொழிலில் இருப்பவர்கள் என்.எஸ்.ஓ.பி. என்பார்கள். ஒரே ஒரு விமானம் வைத்திருப்பவர்கூட இந்த அனுமதி வாங்கலாம். அதனால் இருபது விமானம் வைத்திருப்பவரும் சார்ட்டர் கம்பெனிதான், ஒரு தொழிலதிபர் தன் சொந்த உபயோகத்துக்கு வாங்கி, சும்மா நிற்கும் நாட்களில் வாடகைக்கு விடுவதும் சார்ட்டர் கம்பெனிதான். இரண்டுக்கும் உள்ளே இருக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

இன்னொரு ரகம் இருக்கிறது, அதில் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது. பிரைவேட் என்று பதிவான விமானத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றுவது. அது சட்டவிரோதம். ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும், பைலட்டின் லைசென்ஸுக்கும் ஆபத்து. என்.எஸ்.ஓ.பி. வைத்திருப்பவர்களின் பட்டியலை டி.ஜி.சி.ஏ. தன் இணையதளத்திலேயே போடுகிறது. அந்த ஹைதராபாத் கம்பெனி பெயர் அதில் இருக்கிறதா, தம்பி பறக்கப் போகும் விமானம் (வி.டி. என்று தொடங்கும் அதன் பதிவு எண்ணை வைத்து) அவர்கள் அனுமதியில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, வேலை எப்படி இருக்கும்? ஏர்லைன்ஸில் பைலட் வருவதற்கு முன்னால் எரிபொருள், சரக்கு, சாப்பாடு, வானிலை அறிக்கை எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். சார்ட்டரில் அதில் பாதி துணை விமானியின் தலையில். விடிகாலை விமானத்துக்குப் போய் டேங்கின் அடியிலிருந்து எரிபொருள் எடுத்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ளைட் பிளான் போட்டிருக்கிறார்களா, விமானத் தகவல் மையத்தின் எஃப்.ஐ.சி. எண்ணும் விமானப்படையின் வான் பாதுகாப்பு அனுமதியான ஏ.டி.சி. (ADC) எண்ணும் வந்துவிட்டதா என்று விசாரிக்க வேண்டும், அவை இல்லாமல் இந்தியாவில் கிளம்ப முடியாது. போகிற இடத்தில் விமான நிலையம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், பார்க்கிங் இருக்கிறதா, திரும்பி வர எண்ணெய் கிடைக்குமா என்று போன் போட வேண்டும். பயணிகளின் பெட்டியை ஏற்றுவதும், சாப்பாட்டுப் பெட்டியை வாங்கி வைப்பதும், இறங்கின பிறகு சீட்டைத் துடைத்து பெல்ட்டை மடித்து வைப்பதும் அவன் வேலைதான். இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற பையன் சார்ட்டரில் ஒரு வருடம் தாங்க மாட்டான். நினைக்காத பையன் ஒரே வருடத்தில் ஒரு விமானம் பறப்பதற்குப் பின்னால் என்னென்ன இருக்கிறது என்று மொத்தமாகக் கற்றுக்கொள்வான். ஏர்லைன்ஸில் பத்து வருடம் இருந்தாலும் இதெல்லாம் கண்ணில் படாது.

அப்புறம், காத்திருப்பு. பயணி காலை பத்து மணிக்கு இறங்கி, நான்கு மணிக்கு வந்துவிடுகிறேன் என்பார். ஏழு மணிக்கு வருவார். நம் டெல்டாவிலேயே பாருங்கள். இங்கே பயணிகள் விமானம் வந்து போகிற ஒரே நிலையம் திருச்சிதான். தஞ்சாவூரில் இருப்பது விமானப்படைத் தளம், 2020-லிருந்து சுகோய்-30 படைப்பிரிவு அங்கே நிற்கிறது. "கும்பகோணம் பக்கத்திலேயே தஞ்சாவூரில் இறக்கிவிடக் கூடாதா?" என்று பயணிகள் கேட்பார்கள், விமானப்படையின் அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது. காரைக்காலில் விமான நிலையம் கிடையாது. புதுச்சேரியில் ஓடுபாதை 1,500 மீட்டர்தான், பெரிய ஜெட்டுகளுக்குப் பற்றாது. ஆகவே திருநள்ளாறோ வைத்தீஸ்வரன் கோயிலோ, தனி விமானத்தில் வருகிறவர் திருச்சியில் இறங்கி காரில் போக வேண்டும். திருநள்ளாறுக்குப் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், நடுவில் தரிசனம். அவ்வளவு நேரமும் பைலட் திருச்சியில் காத்திருப்பான், அதுவும் டியூட்டி நேரக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன விஷயம் வருகிறது. ஒரு நாளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை. ஹைதராபாத்திலிருந்து ஒரு குடும்பம், ஆறு பேர், நவக்கிரக கோயில் தரிசனத்துக்கு வந்தார்கள். விமானம் கிங் ஏர் பி-200. ஹைதராபாத்திலிருந்து திருச்சிக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு உள்ளாகத்தான். நான்கு மணிக்குத் திரும்புவதாகப் பேச்சு. ஆறு மணிக்கு மேல் வந்தார்கள், கூடவே இன்னொரு வேன். வழியில் நாச்சியார்கோயிலில் ஆளுயரக் குத்துவிளக்கு ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார்கள், அது போக சின்ன விளக்குகள், கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரங்கள். பெரிய விளக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு ஆள் எடை. கிழக்கே இடி மேகம் வரிசை கட்டி நிற்கிறது, மின்னல் தெரிகிறது.

கிங் ஏர் பி-200 புறப்படும்போது மொத்த எடை 12,500 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, நம் கணக்கில் 5,670 கிலோ. டேங்க் நிறைய எண்ணெய், சீட் நிறைய ஆள், இரண்டும் ஒன்றாக அதில் முடியாது. விளக்கை ஏற்றினால் எண்ணெயைக் குறைக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு இருந்த வானிலைக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக எண்ணெய் வேண்டும். மேகத்தைச் சுற்றிப் போவதற்கு வேண்டும். போய்ச் சேருகிற இடத்தில் இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே போன பிறகும் அரை மணி நேரம் பறக்கிற அளவுக்கு மிச்சம் இருக்க வேண்டும், அது விதி. எடை ஒரு பக்கம் இழுக்கிறது, வானிலை மறு பக்கம் இழுக்கிறது. போதாக்குறைக்கு அந்த விளக்குகளை வால் பக்கச் சரக்கு அறையில் வைத்தால் எடையின் மையம் பின்னால் நகரும், மூக்கு தூக்கிக்கொள்ளும் விமானத்தை அடக்குவது கஷ்டம்.

"அண்ணா, விளக்கைப் பார்சல் லாரியில் போட்டுவிடுங்கள், பத்திரமாக வந்து சேரும். நீங்கள் இன்று ராத்திரி திருச்சியில் தங்குங்கள், காலையில் ஆறு மணிக்குக் கிளம்புவோம்" என்றேன். பெரியவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகன் கம்பெனிக்குப் போன் போட்டார். அங்கே ஆப்பரேஷன்ஸ் தலைவர் சொன்னது ஒரே வரி: "கேப்டன் சொன்னால் அதுதான்." அதோடு முடிந்தது. ஹோட்டல் போட்டார்கள், காலையில் தெளிந்த வானத்தில் போய்ச் சேர்ந்தோம். அந்தக் குடும்பம் அடுத்த வருடமும் எங்களைத்தான் கூப்பிட்டது.

இதே போன் வேறொரு கம்பெனிக்குப் போயிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த மாதிரி இடங்களில் வேலை பார்த்தவர்கள் என்னோடு பறந்திருக்கிறார்கள். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க கேப்டன், பார்ட்டி பெரிய ஆள்." இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான் சார்ட்டர் பைலட்டின் மொத்தப் பயிற்சியும் நிற்க வேண்டும். ஏர்லைன்ஸில் 180 பயணிகள் பின்னால் இருந்தாலும் ஒருவரும் காக்பிட்டுக்குள் வந்து தோளைத் தட்ட மாட்டார்கள். சார்ட்டரில் வாடகை கொடுத்தவர் உங்களுக்கு இரண்டடி பின்னால் உட்கார்ந்திருப்பார். அவர் அமைச்சராக இருக்கலாம், விமானத்தின் முதலாளியாகவே இருக்கலாம்.

2001 செப்டம்பர் 30 அன்று காங்கிரஸ் தலைவர் மாதவராவ் சிந்தியா பயணம் செய்த கிங் ஏர் சி-90 உத்தரப் பிரதேசத்தில் மெயின்புரி அருகே மோசமான வானிலையில் விழுந்தது. கூட்டத்தில் பேசுவதற்காகக் கான்பூர் போய்க்கொண்டிருந்தார். 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி சென்ற பெல்-430 ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் மழை மேகத்துக்குள் போய் விழுந்தது. இரண்டிலும் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விமானிகள் அனுபவம் இல்லாதவர்கள் கிடையாது. நான் அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. போக வேண்டிய இடத்தில் கூட்டம் காத்திருக்கிறது, பின்னால் பெரிய மனிதர் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் மேகம் நிற்கிறது என்ற நிலைமை நம் நாட்டில் சார்ட்டர், வி.ஐ.பி. விமானங்களில் தினமும் வருகிறது. தம்பிக்கும் வரும். கேப்டன் பக்கத்தில் இருப்பார்தான், ஆனால் கேப்டன் இறங்கியே தீருவேன் என்று போகும்போது "சார், மினிமா வந்துவிட்டது, ஓடுபாதை தெரியவில்லை, மேலே போவோம்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டியவன் துணை விமானிதான்.

மினிமா என்றது உங்களுக்காக: ஒவ்வொரு விமான நிலையத்திலும் இறங்கும்போது குறிப்பிட்ட ஓர் உயரம் வரை வரலாம். அந்த உயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்கோ கண்ணுக்குத் தெரியாவிட்டால் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். மார்கழிப் பனியில் திருச்சியில் விடிகாலை இப்படி ஆவதுண்டு. மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுவோம். பயணிக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஏர் ஆம்புலன்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும், கிங் ஏர் வைத்திருக்கும் பல கம்பெனிகள் அதைத்தான் அதிகம் செய்கின்றன. சீட்டுகளைக் கழற்றி ஸ்ட்ரெச்சர், ஆக்ஸிஜன், மானிட்டர் எல்லாம் பொருத்துவார்கள். கூட ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், வீட்டு ஆள் ஒருவர். டெல்டாவில் சாலை விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவரைத் திருச்சியிலிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ கொண்டுபோகிறோம் என்று வையுங்கள். மண்டையோட்டுக்குள் காற்று புகுந்திருந்தால், விமானம் மேலே போய்க் கேபின் அழுத்தம் குறையக் குறைய அந்தக் காற்று விரியும், மூளையை அழுத்தும். அதனால் கேபினில் தரையில் இருக்கும் அழுத்தமே இருக்கட்டும் என்று டாக்டர் கேட்பார். கிங் ஏர் பி-200-ல் 15,000 அடி வரை பறந்தால்தான் அதைக் கொடுக்க முடியும். வழக்கமாகப் பறக்கும் உயரத்தைவிட அது மிகவும் குறைவு. அந்த உயரத்தில் எண்ணெய் அதிகம் குடிக்கும், மேகத்துக்கு மேலே போகவும் முடியாது, குலுக்கும். ஆகவே நடுவில் எங்கே இறங்கி எண்ணெய் போடுவது, எந்த மேகத்தை எந்தப் பக்கம் சுற்றுவது என்று டாக்டரும் பைலட்டும் உட்கார்ந்து பேசித்தான் கிளம்ப வேண்டும். ஒரு உயிரைப் பிடித்துக் கொடுத்தோம் என்ற நிறைவு எனக்குக் கிடைத்ததெல்லாம் இந்தப் பறத்தல்களில்தான். நல்ல கம்பெனியில், வானிலையைப் பார்த்து போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வரை நோயாளியின் நிலைமையைப் பைலட்டிடம் சொல்லவே மாட்டார்கள். குழந்தை, சாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுவிட்டால் யாருக்கும் மனசு கேட்காது, போகக் கூடாத வானிலையிலும் போகத் தோன்றும். அந்தக் கம்பெனியில் இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று தம்பி கேட்கலாம்.

இனி எப்படி உள்ளே நுழைவது. ஏர்லைன்ஸ் விளம்பரம் போட்டு, ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வாங்கி, தேர்வு வைத்து எடுக்கும். சார்ட்டரில் விளம்பரம் அபூர்வம். ஒரு துணை விமானி வேறு வேலைக்குப் போகிறான், அடுத்த வாரம் ஆள் வேண்டும், அவ்வளவுதான். யார் கண்ணில் பட்டிருக்கிறானோ அவனைக் கூப்பிடுவார்கள். அதனால் நேரில் போக வேண்டும். டெல்லி, மும்பை, பெங்களூரில் ஹெச்.ஏ.எல். விமான நிலையம், ஹைதராபாத்தில் பேகம்பேட்டை, சென்னை, இங்கெல்லாம் சார்ட்டர் கம்பெனிகளின் அலுவலகங்களோ ஹேங்கர்களோ இருக்கின்றன. யார் பெயருக்கு என்று தெரியாமல் மின்னஞ்சல் அனுப்பினால் குப்பைக்குப் போகும். டைரக்டர் ஆஃப் ஃப்ளைட் ஆப்பரேஷன்ஸ் யார் என்று தெரிந்துகொண்டு அவர் பெயருக்கு எழுதி, அப்புறம் நேரில் போய் ஐந்து நிமிடம் கேட்க வேண்டும்.

பயோடேட்டா ஒரு பக்கம் போதும். மொத்தப் பறத்தல் மணி, தனியாகப் பறந்தது, இரட்டை இன்ஜினில் பறந்தது, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதி) எதுவரை செல்லும், முதல் வகுப்பு மெடிக்கல் எதுவரை செல்லும், டி.ஜி.சி.ஏ. கொடுத்த கம்ப்யூட்டர் நம்பர், பாஸ்போர்ட். இதைத்தான் பார்ப்பார்கள். சி.பி.எல்.-க்குக் குறைந்தது 200 மணி வேண்டும், அதில் 100 மணி தனிப் பொறுப்பில். இது எல்லோரிடமும் இருக்கும். ஒன்றரை வருடம் வீட்டில் இருந்த பையனிடம் அவர்கள் தேடுவது, ரேட்டிங் காலாவதி ஆகாமல் வைத்திருக்கிறானா என்பதைத்தான். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அது போயிருந்தால் காசு போனாலும் பரவாயில்லை, முதலில் அதைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

பறந்த மணிகளைக் குறித்து வைக்கும் லாக் புக்கில் எழுதியிருப்பதும் டி.ஜி.சி.ஏ.-வின் இ-ஜி.சி.ஏ. என்ற இணையக் கணக்கில் இருப்பதும் நிமிடம் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். பேனாவால் மணிக்கணக்கு ஏற்றுகிற வேலை இந்தத் தொழிலில் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள் மாட்டினார்கள், கைதும் ஆனார்கள். அதற்கப்புறம் யாரும் யாரையும் சும்மா நம்புவதில்லை. தம்பி படித்த இடத்தில் யாராவது நாலு மணி கூட்டி எழுதிக் கொடுத்திருந்தால்கூட அது பின்னால் வந்து கடிக்கும்.

நேர்முகத்தில் வானிலை கட்டாயம் கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழை எப்படி வருகிறது, இடி மேகத்தை எவ்வளவு தள்ளிச் சுற்ற வேண்டும், ரேடாரில் எப்படித் தெரியும் என்று. 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பிறகு கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது நம் ஊர்த் தென்னை என்ன ஆனது என்று பார்த்தவன் தம்பி. காற்றின் வேகம், புயலின் கண், திசை மாறும் காற்று எல்லாம் அவன் பாடத்தில் படித்ததற்கு முன்னாலேயே நேரில் பார்த்தது. அதை வைத்துப் பதில் சொல்லலாம். கூடவே இப்படி ஒரு கேள்வியும் வரும்: "முதலாளி ஏறி உட்கார்ந்துவிட்டார், இடத்தில் வானிலை மினிமாவுக்குக் கீழே. என்ன செய்வாய்?" சில பையன்கள் முதலாளியைத் திருப்திப்படுத்தும் பதிலைச் சொல்லத் தவிப்பார்கள். கிளம்ப மாட்டேன் என்று நேராகச் சொல்லட்டும். அதற்காக வேலை கொடுக்காத இடம் தம்பிக்கு வேண்டாம்.

தமிழ் மீடியம் பற்றிக் கவலையே வேண்டாம். வானொலியில் பேசும் ஆங்கிலம் குறிப்பிட்ட சொற்றொடர்கள்தான். சர்வதேச அளவுகோலில் 4-ஆம் நிலை இருந்தால் போதும், சி.பி.எல். கையில் இருக்கிறது என்றால் அதைத் தாண்டியிருப்பான். வட இந்தியப் பயணிகளிடமும் மெக்கானிக்குகளிடமும் பேச இந்தி கொஞ்சம் வேண்டும், ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும்.

பைலட் சீட் உடனே கிடைக்காவிட்டால் வேறு இரண்டு வழி இருக்கிறது. அதே கம்பெனியில் ஆப்பரேஷன்ஸ் உதவியாளராகச் சேர்ந்து ஃப்ளைட் பிளான், அனுமதி வேலைகளைப் பார்ப்பது. இடம் காலியாகும்போது கண்முன் இருப்பவனுக்குத்தான் முதல் வாய்ப்பு. இல்லையென்றால் உதவிப் பயிற்றுநர் ரேட்டிங் வாங்கி ஃப்ளையிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுப்பது, பறத்தல் மணியும் ஏறும், கை விட்டும் போகாது. வீட்டில் உட்கார்ந்து ஏர்லைன்ஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இருப்பதைவிட இரண்டுமே மேல். "வேலை வாங்கித் தருகிறேன், அஞ்சு லட்சம் கொடுங்கள்" என்று வரும் ஏஜென்டுகளிடம் மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இப்போது வந்திருக்கும் வேலைக்குக் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கிங் ஏர் பயிற்சிக்கான செலவு யாருடையது? கம்பெனி கொடுத்தால் பாண்டு எத்தனை வருடம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், வருடம் ஆக ஆக அந்தத் தொகை குறையுமா? தேதி போடாத வெற்று செக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் லைசென்ஸையோ பள்ளிச் சான்றிதழையோ பிடித்து வைத்துக்கொள்ளும் இடத்துக்குப் போகவே வேண்டாம். நோட்டீஸ் காலம் பற்றியும் கேளுங்கள். 2017-ல் டி.ஜி.சி.ஏ. துணை விமானிக்கு ஆறு மாதம், கேப்டனுக்கு ஒரு வருடம் என்று விதி கொண்டுவந்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், மன்னார்குடியிலேயே காட்டலாம்.

அடுத்தது பறத்தல் மணி. ஏர்லைன்ஸில் ஒருவன் வருடத்துக்கு 700, 800 மணி பறப்பான். சார்ட்டரில் 300, 400 வந்தாலே நல்ல கம்பெனி. பெரிய விமானங்களில் கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 1,500 மணி வேண்டும். கிங் ஏர் ஒரே பைலட் ஓட்டலாம் என்று சான்று பெற்ற விமானம், அதில் துணை விமானியாக உட்கார்ந்த மணியை மேல் லைசென்ஸுக்கு எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள் என்று கம்பெனியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போன வருடம் அந்த விமானம் மொத்தம் எத்தனை மணி பறந்தது, எத்தனை துணை விமானிகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்றும் கேளுங்கள். இந்த இரண்டு எண்ணும் தெரிந்தால் தம்பிக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே வகுத்துப் பார்த்துவிடலாம்.

சம்பளம் ஏர்லைன்ஸைவிடக் குறைவாகத்தான் இருக்கும், சில இடங்களில் தாமதமாகவும் வரும். அங்கே இப்போது வேலை பார்க்கும் பைலட்டிடம் "போன மாதம் எத்தனாம் தேதி சம்பளம் வந்தது" என்று தம்பி ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். அதே ஆளிடம், கடைசியாக யார் எப்போது வானிலைக்காகப் பறக்க மறுத்தார்கள், அவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா என்றும் கேட்கச் சொல்லுங்கள். "எங்கள் கம்பெனியில் அப்படி நடந்ததே இல்லை" என்று பதில் வந்தால், பருவமழை வருகிற நாட்டில் அப்படி இருக்க முடியாது அண்ணே.

வீட்டில் நீங்களும் தயாராக வேண்டும். பொங்கலும் தீபாவளியும் கல்யாண முகூர்த்த மாதங்களும் சார்ட்டருக்கு வேலை குவியும் நேரம், தேர்தல் வந்தால் இரண்டு மாதம் மூச்சுவிட முடியாது. பண்டிகைக்கு வருவான் என்று எதிர்பார்க்காதீர்கள். பறப்பதற்கு முன் மூச்சுப் பரிசோதனை உண்டு, 12 மணி நேரத்துக்குள் மது தொட்டிருக்கக் கூடாது, மாட்டினால் லைசென்ஸ் நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறன் தேர்வு, மெடிக்கல் தனி. நம் பக்கம் சர்க்கரை பரம்பரையாக வருகிறது, இருபத்து நான்கு வயதிலேயே சாப்பாட்டையும் தூக்கத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். மெடிக்கல் போனால் வேலை போகும், அதற்கென்று லைசென்ஸ் இழப்புக் காப்பீடு இருக்கிறது, முதல் சம்பளத்திலேயே எடுத்துவிடட்டும். யாரை எங்கே ஏற்றிப் போனோம் என்பதை உங்களிடம்கூடச் சொல்ல மாட்டான், அதைத் தப்பாக நினைக்காதீர்கள், அது தொழில் ஒழுக்கம். இன்ஸ்டாகிராமில் பயணியோடு படம் போட்டு வேலையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

சொந்தக்காரர்கள் பேசுவதற்கு ஒன்று சொல்லலாம். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம் தலைக்கு மேலேயே சுற்றியதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தார்கள். எண்ணெயை எரித்து எடையைக் குறைத்து, பதறாமல் காத்திருந்து இறக்கினார்கள். 141 பயணிகளும் பத்திரமாக வந்தார்கள். சார்ட்டர் கேப்டனுக்கும் தேவைப்படுவது அதே எடைக் கணக்கு, அதே பொறுமை. பயணிகள் ஆறு பேர் என்பதால் அதில் ஒன்றும் குறைவதில்லை.

தம்பி ஹைதராபாத் போவதாக இருந்தால் ஒரிஜினல் சி.பி.எல்., வானொலியில் பேசுவதற்கான ஆர்.டி.ஆர். லைசென்ஸ், மெடிக்கல் சான்று, லாக் புக், பாஸ்போர்ட் எல்லாம் கையோடு கொண்டு போகட்டும், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டு வரட்டும், நகல்களை மட்டும் கொடுக்கட்டும். ஆப்பரேஷன்ஸ் தலைவரைப் பார்க்காமல் ஹெச்.ஆர். ஆளிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்ப வேண்டாம். முடிந்தால் ஒரு நாள் தங்கி, ஹேங்கரில் நிற்கும் அந்த விமானத்தையும் அதைப் பராமரிக்கும் இன்ஜினீயரையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் நகல் வந்ததும் பாண்டு பகுதியில் ஏதாவது புரியவில்லை என்றால் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.